பலர் அறியாத பேஸ்போல் அட்டைகள்

முத்திரை சேர்ப்போரையும் பழைய நாணயம் சேர்ப்போரையும் நேயர்கள் அறிவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இவர்களுக்குச் சற்றும் குறையாத வேட்கையோடு வேறொரு பொருளைத் தேடித் திரிவோர் பெருந்தொகையினர் உளர். அவர்கள் தேடுவது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு காகித அட்டை. அதன் முகப்பிலே பேஸ்போல் ஆட்டக்காரர் ஒருவரின் படம் இருக்கும். பின்புறத்திலே பெரும்பாலும் அதனை வெளியிட்ட வணிகரின் விளம்பரம் இருக்கும். பேஸ்போல் என்பது கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. ஒருவர் பந்தை எறிய மற்றொருவர் உருளைக் கட்டையால் அடித்துவிட்டு நான்கு தளங்களையும் சுற்றி ஓடிவரும் ஆட்டம் அது. இவ்வளவு தெரிந்திருந்தால் மேலே சொல்லப்போவதை விளங்கிக்கொள்ளப் போதும்.

இவ்வட்டைகள் பிறந்தது விளையாட்டின் மீதுள்ள பற்றினால் அன்று, வியாபாரத்தினால். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே சிகரட்டுகள் மெல்லிய காகித உறையில் விற்கப்பட்டன. உள்ளிருக்கும் சிகரட் நசுங்காதிருக்க ஒரு தடித்த அட்டை வைத்தனர். வெற்று அட்டைக்குப் பதிலாக அதிலே ஒரு படத்தை அச்சிட்டால், வாங்கியவர் அடுத்த படத்துக்காக அடுத்த பொட்டலத்தையும் வாங்குவார் என்பது வணிகரின் கணக்கு. அக்கணக்குப் பிழைக்கவில்லை. நியூயோர்க்கின் குட்வின் நிறுவனம் 1887க்கும் 1890க்கும் இடையில் தனது 'ஓல்ட் ஜட்ஜ்' சிகரட்டுகளோடு நூற்றுக்கணக்கான ஆட்டக்காரரின் படங்களை வெளியிட்டது. பின்னர், 1909 முதல் 1911 வரை, அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி ஐந்நூறுக்கு மேற்பட்ட அட்டைகள் கொண்ட ஒரு பெருந்தொகுதியை வெளியிட்டது. அதிலே ஹோனஸ் வாக்னர் என்னும் ஆட்டக்காரரின் அட்டை சீக்கிரமே நிறுத்தப்பட்டது. அவர் தம் படத்தை அச்சிட இசையவில்லை என்பர்; அதற்கான காரணம் பற்றிப் பல கதைகள் உண்டு. எஞ்சியவை அறுபதுக்கும் குறைவு. அவற்றுள் ஒன்று 2022ஆம் ஆண்டிலே 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்குக் கைமாறியது.

இத்தகைய செய்திகளே பத்திரிகைகளில் இடம்பெறுவன. ஆனால், சேர்ப்போர் உலகத்திலே மூத்தவர் பலர் இவ்வகைப் புகழ்பெற்ற அட்டைகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. விலை ஏறியபின் அவை வங்கிப் பெட்டகத்துப் பொருளாகிவிட்டன. அவர்களுடைய ஆவலைத் தூண்டுவன, ஏதோ ஒரு நகரத்து மிட்டாய்க் கடைக்காரரும், பாண் வெதுப்பகத்தாரும், இறைச்சி வியாபாரியும் தத்தம் ஊரளவில் வெளியிட்ட சிறு தொகுதிகள். அவற்றிலே எத்தனை அட்டைகள் உண்டு, யார் யார் உளர், எந்த ஆண்டில் வெளிவந்தன என்பனகூடச் சிலவற்றுக்கு இன்னும் முழுதாகத் தெரியா. தேடுவார்க்கு வேலை மிச்சம் இருப்பது அங்கேதான்.

இத்துறைக்கு இலக்கணம் வகுத்தவர் ஜெபர்சன் பேர்டிக் என்பவர். 1900ஆம் ஆண்டிலே நியூயோர்க் மாநிலத்திற் பிறந்த இவர், சிரக்கியூஸ் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றிலே மின்கருவிகளின் பாகங்களைப் பொருத்தும் தொழிலாளி. மணம் செய்துகொள்ளாதவர், செல்வர் அல்லர். மூட்டுவாதம் அவருடைய கைகளையும் கால்களையும் ஆண்டுக்காண்டு முடக்கி வந்தது. வியப்பு என்னவெனில், பேஸ்போல் ஆட்டத்திலே அவருக்குத் தனிப்பட்ட ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. பறவைப் படம், நடிகையர் படம், கொடிப் படம், வாழ்த்து அட்டை, வணிகச் சீட்டு என்று அச்சிட்ட சிறு காகிதம் எதுவாயினும் அவர் சேர்த்தார். மக்கள் படித்துவிட்டு வீசுகின்ற காகிதத்திலேதான் ஒரு காலத்தின் முகம் தெரியும் என்பது அவர் கொள்கை.

சேர்ப்பதோடு அவர் நிற்கவில்லை. 1939இலே அட்டைகளுக்கான பட்டியல் நூல் ஒன்றை வெளியிட்டார். அது பின்னர் விரிவுபெற்று 'அமெரிக்க அட்டைப் பட்டியல்' என்ற பெயரைப் பெற்றது. 19ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு 'என்' என்ற எழுத்து. 20ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு 'ரி'. பழைய மிட்டாய் அட்டைகளுக்கு 'ஈ'. பின்வந்த சுவிங்கம் அட்டைகளுக்கு 'ஆர்'. வெதுப்பகத்து அட்டைகளுக்கு 'டி' என்று எழுத்துகளை வகுத்து, ஒவ்வொன்றின் கீழும் தொகுதிகளுக்கு எண் கொடுத்தார். வாக்னரின் அட்டை இருக்கும் தொகுதியை 'ரி 206' என்று உலகம் இன்றும் அழைப்பது அவர் இட்ட பெயராலேதான். பெயரில்லாப் பொருளைத் தேடுவது எப்படி? ஒருவர் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊரிலுள்ளவருக்குக் கடிதம் எழுதி, இந்தத் தொகுதியில் இந்த அட்டை உம்மிடம் உண்டோ என்று கேட்பதற்கு வழிசெய்தது அந்தப் பட்டியலே.

தமது சேகரத்தை நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் கலைக்கூடத்துக்கு அளிக்க அவர் முடிவு செய்தார். 1947 முதல் பகுதி பகுதியாக அனுப்பலானார். பின்னர் தாமே நியூயோர்க் சென்று, கலைக்கூடத்தின் ஒரு மூலையிலே மேசை போட்டு, அட்டைகளை அல்பங்களில் ஒட்டும் பணியை மேற்கொண்டார். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட துண்டுகள். அவற்றுள் பேஸ்போல் அட்டைகள் மட்டும் 30,000க்கு மேல். விரல் மடங்காத கையால் அந்த வேலையைச் செய்தார். 1963 ஜனவரி 10ஆந் திகதி கடைசி அட்டையை ஒட்டிவிட்டு எழுந்தார். மறுநாள் மருத்துவமனையிற் சேர்ந்தார். மார்ச் 13இலே காலமானார். இன்று கோடிக்கணக்கான டொலர் புரளும் ஒரு துறை, இம்மனிதர் தந்த எண்களைக் கொண்டே தன் பொருள்களை அடையாளங் காண்கிறது.

பேர்டிக் எண் கொடுத்த சிறு தொகுதிகளுள் சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் 'சீநட்' அட்டைகளைச் சற்று நின்று பார்க்கத் தகும். 1958 வரை அமெரிக்காவின் மேற்குக் கரையிலே பெருந்தரக் கழகம் ஒன்றேனும் இருக்கவில்லை. பெயர்பெற்ற அணிகள் யாவும் கிழக்கிலும் நடுப்பகுதியிலுமே இருந்தன. ஆகவே, கலிபோர்ணியா மக்கள் தங்களுக்கென்று பசிபிக் கரைக் கழகம் என்ற ஒன்றை வளர்த்தனர். சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாந்து, லொஸ் ஏஞ்சலிஸ், போட்லாந்து முதலிய நகரங்களின் அணிகள் அதிலே ஆடின. கொலின்ஸ் மக்காத்தி என்னும் மிட்டாய்க் கம்பெனி, சோளப்பொரியும் கச்சானும் பாகிலே பிசைந்த ஓர் இனிப்பைச் 'சீநட்' என்ற பெயரில் விற்றது. அதன் பெட்டிக்குள்ளே அக்கழகத்து ஆட்டக்காரரின் அட்டையை வைத்தது. 1911இலே தொடங்கிய இந்த வெளியீடு ஆண்டு தவறாமல் 1938 வரை நடந்தது. ஆட்டக்காரர் படங்கள் மூவாயிரத்துக்கும் மேல்.

பெரும்பாலான ஆண்டுகளில் அட்டையின் அடியிலே ஒரு சீட்டு இணைந்திருந்தது. அதனைக் கத்தரித்துச் சேர்த்துக் கொடுத்தாற் பரிசு கிடைக்கும். பிள்ளைகள் என்ன செய்திருப்பார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! சீட்டைக் கத்தரித்துவிட்டார்கள். ஆகையால், இன்று கிடைக்கும் சீநட் அட்டைகளுள் மிகப் பெரும்பாலானவை அடிப்பகுதி இழந்தவை. அழகுக் குறை மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம்; இடர்ப்பாடு அதனினும் பெரிது. அந்தச் சீட்டிலேதான், இத்திகதிக்குள் பரிசு பெறவேண்டும் என்ற காலக்கெடு அச்சாகியிருந்தது. சீட்டுப் போனால் அட்டையின் ஆண்டும் போயிற்று. குறிப்பாக 1933 முதல் 1936 வரை வெளிவந்தவை ஒன்றுபோலவே இருப்பதால், சேர்ப்போர் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, இந்த ஆட்டக்காரர் எந்த ஆண்டிலே எந்த அணியில் இருந்தார், எந்த ஆண்டிலே விலகினார் என்று பார்த்துப் பார்த்து ஆண்டை ஊகிக்கின்றனர். சரித்திர மாணவன் கல்வெட்டை வைத்து மன்னனின் காலத்தைத் துணிவதற்கும் இதற்கும் முறையிலே வேற்றுமை இல்லை.

அந்த ஆண்டுகளின் அட்டைகளிலே ஒல்லியான ஓர் இளைஞனின் படம் உண்டு. பெயர் 'டி மாஜியோ' என இரண்டாகப் பிளந்து பிழையாக அச்சிடப்பட்டிருக்கிறது. அவ்விளைஞன் 1933இலே சான் பிரான்சிஸ்கோ அணிக்காகத் தொடர்ந்து 61 ஆட்டங்களிற் பந்தை அடித்து வெற்றிகண்டவன். பின்னர் நியூயோர்க் சென்று, 1941இலே 56 ஆட்டத் தொடர் ஒன்றை நிலைநாட்டி, அமெரிக்கா முழுவதும் பெயர் விளங்கிய ஜோ டிமாஜியோ அவனே. மிட்டாய்ப் பெட்டியிலிருந்து அந்த அட்டையை எடுத்த சிறுவனுக்கு அது தன் ஊர்ப் பையன் ஒருவனின் படம், அவ்வளவே.

அட்டைக்கும் அதனோடு விற்கப்பட்ட பண்டத்துக்கும் உள்ள உறவு எப்போதும் சுமுகமானதன்று. 1914இலே சிக்காகோவின் 'கிராக்கர் ஜாக்' இனிப்போடு வந்த 144 அட்டைகளும் பாகிலே தோய்ந்து கறைபட்டன. அடுத்த ஆண்டு 176 அட்டைகளாக வெளியிட்டபோது, முழுத் தொகுதியையும் தபாலிற் பெற்றுக்கொள்ளக் கம்பெனி வழிசெய்தது. 1915இன் அட்டைகள் சுத்தமாகக் கிடைப்பதும் 1914இன் அட்டைகள் கறையோடு கிடைப்பதும் இதனாலேதான். 1954இலே வில்சன் என்னும் இறைச்சிக் கம்பெனி, சொசேஜஸ் பொட்டலங்களுக்குள் 20 அட்டைகள் கொண்ட தொகுதியை வைத்து விற்றது. படத்திலே ஆட்டக்காரர் நிற்க, அவருக்கு அருகில் சொசேஜஸ் பொட்டலம் ஒன்று ஆகாயத்திற் பறக்கும்! கலை நயத்துக்குப் பரிசு கொடுக்க முடியாது. ஆனால் டெட் வில்லியம்ஸ் என்னும் பெரும் ஆட்டக்காரரும் அதில் இருப்பதால், கொழுப்புக் கறை படாத பிரதிக்குச் சேர்ப்போர் தவங் கிடக்கின்றனர். அதே ஆண்டிலே உருளைக்கிழங்குப் பொரியலோடு வந்த 'டான் டீ' அட்டைகளின் நிலையும் இதுவே. எண்ணெய் காகிதத்திலே ஊறிவிட்டால் எந்த வண்ணானாலும் எடுக்கமுடியாது. 1961 முதல் 1963 வரை 'போஸ்ட்' காலையுணவுப் பெட்டிகளின் பின்புறத்திலே அச்சான அட்டைகளைப் பிள்ளைகளே வெட்டியெடுத்தனர். எட்டு வயதுப் பிள்ளையின் கத்தரிக்கோல் நேராகப் போகுமோ? கோணல் இல்லாத போஸ்ட் அட்டை கிடைத்தால், வெட்டியது தாயாராகத்தான் இருக்கவேண்டும்.

வணிகர் செய்த தந்திரங்களும் சில உண்டு. 1933இலே பொஸ்டனின் கௌடி சுவிங்கம் கம்பெனி 240 எண்கள் கொண்ட தொகுதியை வெளியிட்டது. பிள்ளைகள் எவ்வளவு மென்றும் 106ஆம் எண் மட்டும் கிடைக்கவில்லை. ஏனெனில், அவ்வாண்டு அது அச்சிடப்படவேயில்லை. ஏமாற்றமடைந்தவர்கள் எழுதிக் கேட்டதன் பின்னர், 1934இலே அந்த அட்டை அச்சாகி, கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பப்பட்டது. அதிலே இருந்தவர் 1916ஆம் ஆண்டோடு பெருந்தரக் கழகங்களை விட்டு ஓய்வுபெற்ற நப்போலியன் லாஜோய்! 1932இலே ஐக்கிய நாடுகள் கரமல் கம்பெனி வெளியிட்ட 32 அட்டைத் தொகுதி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. முழுத் தொகுதியையும் அனுப்புவோருக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டு, 16ஆம் எண்ணை அரிதினும் அரிதாகவே வெளியிட்டது. அந்த எண்ணில் யார் இருந்தார் என்பதே அரை நூற்றாண்டுக்கு மேல் சேர்ப்போருக்கு ஒரு புதிராக இருந்தது. 1980களிலே ஒரு பிரதி வெளிப்பட்டபோதுதான் அவர் லின்ட்ஸ்ட்ரம் என்னும் ஆட்டக்காரர் எனத் தெரிந்தது.

படத்தைக் கவனியாது பின்புறத்தையே சேர்ப்போரும் உளர். 1916இலே சிக்காகோவில் அச்சான ஒரு தொகுதி, பின்புறம் வெறுமையாகவே பல வணிகருக்கும் விற்கப்பட்டது. உடுபுடவைக் கடைக்காரர், வெதுப்பகத்தார், விளையாட்டுப் பத்திரிகையார் எனப் பலரும் தங்கள் விளம்பரத்தைப் பின்னே அச்சிட்டுக்கொண்டனர். பொஸ்டன் அணியில் அப்போது பந்தெறிபவராக இருந்த இளைஞர் பேப் ரூத்தின் படம் அதில் உண்டு. முகம் ஒன்று, முதுகு பல. எந்த முதுகு எவ்வளவு அரிது என்பதைக் கணக்கிடுவதே சிலருடைய வாழ்நாள் வேலை.

பணம் புகுந்த இடத்தில் வஞ்சனையும் புகுவது இயல்பு. மூலை மழுங்கிய அட்டையின் ஓரத்தை நுட்பமாகச் சீவிவிட்டாற் புதியதுபோலத் தோன்றும். உலகிலே மிகவும் பேசப்பட்ட வாக்னர் அட்டை ஒன்றின் ஓரத்தைத் தாமே சீவியதாக, ஏலத் தொழிலிற் பெயர்பெற்றிருந்த ஒருவர் 2013இலே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அட்டையை ஆராய்ந்து 1 முதல் 10 வரை புள்ளி இட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்திக் உறையிலிட்டு முத்திரையிடும் நிறுவனங்கள் 1990களில் பெருகியதற்கு இத்தகைய ஐயங்களே காரணம். பழைய சேர்ப்பவர் இதனை விரும்புவதில்லை. பாகுக் கறையும் எண்ணெய்க் கறையும் பட்ட அட்டைக்கு 1 என்று புள்ளி இடுவது, பழைய ஏட்டுச் சுவடியைச் செல்லரித்தது என்று தள்ளிவிடுவதை ஒக்கும் என்பது அவர்கள் முறைப்பாடு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இனி, இச்சிறு தொகுதிகள் வெறும் பொழுதுபோக்குக்கு அப்பாற் செல்லும் இடம் ஒன்றுண்டு. 1880களின் பின்னர் 1947 வரை, அமெரிக்கப் பெருந்தரக் கழகங்களிலே கறுப்பினத்தார் ஆட இடமளிக்கப்படவில்லை. எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. எழுதாத சட்டம் இருந்தது. அவர்கள் தமக்கெனக் கழகங்களை அமைத்து ஆடினர். புகையிலைக் கம்பெனியும் மிட்டாய்க் கம்பெனியும் அவர்களுடைய படத்தைப் பெரும்பாலும் அச்சிடவில்லை. ஆயிரக்கணக்கான வெள்ளையரின் படங்கள், ஒரு பருவம் மட்டும் ஆடி மறைந்தவர் படமுட்பட, அட்டைகளில் வாழ்கின்றன. அதே காலத்திலே அவர்களிற் பலரினும் மேலாக ஆடியவர்க்குத் தம் நாட்டில் ஓர் அட்டை இல்லை.

அவர்களுடைய முகத்தைக் காணக் கடல் கடக்க வேண்டும். பனிக்காலத்திலே அவ்வாட்டக்காரர் கியூபாவுக்குச் சென்று, அங்கே வெள்ளையர், கறுப்பர் என்ற வேற்றுமையின்றி ஆடினர். கியூபாவின் சிகரட் கம்பெனிகள் அவர்களது படங்களை அச்சிட்டன. 1923–24 காலத்துப் 'பில்லிக்கன்' அட்டைகளிலே ஒஸ்கார் சார்ள்ஸ்டன், ஜோன் ஹென்றி லொயிட் முதலியோர் காணப்படுகின்றனர். அமெரிக்காவின் புகழ் மண்டபம் சார்ள்ஸ்டனை 1976இலும் லொயிட்டை 1977இலும் ஏற்றுக்கொண்டது. அரை நூற்றாண்டுக்கு முன்னரே கியூபாச் சிறுவர்கள் அவர்களைத் தங்கள் அல்பத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டனர். இவ்வட்டைகளிற் பலவற்றின் பின்புறத்தில் இன்றும் பசையும் கிழிந்த காகிதமும் ஒட்டியிருக்கும். புள்ளி இடும் நிறுவனத்தார்க்கு அது குறை. அது ஒரு பிள்ளையின் அல்பத்திலே இடம்பெற்றிருந்தது என்பதற்குச் சான்றும் அதுவே.

ஜோஷ் கிப்சனின் கதை இன்னும் நெஞ்சை உறுத்துவது. பந்தை அவர்போல் தொலைவுக்கு அடித்தவர் இலர் என்று அவரோடு ஆடியவர்கள் கூறினர். 1947 ஜனவரி 20இலே, 35 வயதில் அவர் இறந்தார். மூன்று மாதங்கள் செல்லுமுன், ஏப்ரில் 15இலே, ஜாக்கி ரொபின்சன் புரூக்ளின் அணியிற் களமிறங்கி அந்த எழுதாத சட்டத்தை உடைத்தார். ரொபின்சனுக்கு அதே ஆண்டில் 'பொண்ட்' பாண் கம்பெனி 13 அட்டைகள் வெளியிட்டது. கிப்சனுக்கு வந்த அட்டை, அவர் முன்பு ஆடிய புவேர்ட்டோ ரிக்கோத் தீவிலே, 'டொலெட்டெரோஸ்' என்னும் தொகுதியில், 1950–51இலே அச்சானது. அவர் மண்ணுக்குள் போய் மூன்று ஆண்டுகளுக்குப் பின். கறுப்பினத்தார் கழகங்களும் பெருந்தரக் கழகங்களே என 2020 டிசெம்பரில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அவற்றின் கணக்குகள் 2024 மே மாதத்திலே அதிகாரபூர்வ ஏட்டில் சேர்க்கப்பட்டபோது, வாழ்நாட் சராசரியில் முதலிடத்துக்கு வந்தவர் கிப்சன், சராசரி.372. அதன் பின் அந்தப் புவேர்ட்டோ ரிக்கோ அட்டையைத் தேடி அலைவோர் தொகை பெருகியதில் வியப்பில்லை.

தேடுவார்க்கு இன்னும் என்ன கிடைக்கக்கூடும் என்பதற்கு ஒரு செய்தி. 2012ஆம் ஆண்டிலே ஒகையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், காலஞ்சென்ற இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வீட்டுப் பரணை அவருடைய பேரர்கள் துப்புரவு செய்தனர். தூசி படிந்த பெட்டி ஒன்றுக்குள்ளே, சணல் நூலாற் கட்டிய கட்டுகளாக, ஏறக்குறைய 700 அட்டைகள் இருந்தன. அவை 1910ஆம் ஆண்டளவில் வெளிவந்த 'ஈ 98' தொகுதியைச் சேர்ந்தவை. அதுவரை அத்தொகுதியிலே நல்ல நிலையில் உள்ள அட்டை ஒன்றைக் காண்பதே அரிது. பெட்டியிலிருந்தனவோ நேற்று அச்சடித்தவை போல இருந்தன. வாக்னரின் அட்டை ஒன்று 10 புள்ளியையும் பெற்றது. கடையிலே கொடுப்பதற்கென வந்து, கொடுத்து முடியாது பரணுக்குப் போனவை என்று கருதப்படுகிறது. உறவினர் ஏறக்குறைய இருபது பேர் அவற்றைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே 37 அட்டைகள் மாத்திரம் ஐந்து இலட்சத்து அறுபதினாயிரம் டொலருக்கு மேல் விலைபோயின. அட்டையின் பின்புறத்திலே, இது 30 ஆட்டக்காரர் கொண்ட தொகுதியில் ஒன்று என்ற குறிப்பும் பெயர்களும் உள்ளன. வெளியிட்டவர் பெயர் அதில் இல்லை.